கரட் விலை விழும்போது மெஷின் காப்பாற்றுமா?

கேள்வி: நான் கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமா குடும்பமும் நாங்களும் சேர்ந்து குத்தகைக் காணியில் கரட், லீக்ஸ் போடுகிறோம். போன போகத்தில் கரட் பிடுங்குகிற கூலிக்குக்கூட விலை வரவில்லை. பாதியைப் பிடுங்காமலே விட்டோம். பிடுங்கியதிலும் ஒரு பங்கு மாட்டுக்குத்தான் போனது. கோயம்புத்தூரில் செய்கிற மரக்கறி உலர்த்தும் மெஷின் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். ஒரு தடவைக்கு 50 கிலோ போடலாமாம். அரைக்கிற மெஷினையும் சேர்த்து, கப்பல் கூலி, தீர்வை எல்லாம் போட்டால் 15 இலட்சம் ரூபா வரும் என்கிறார்கள். கட்டாரில் இருக்கிற அண்ணன் பணம் தரத் தயார். இந்தியாவில் இவ்வளவு பேர் செய்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் முடியாது? கரட் தூள், காய்ந்த லீக்ஸ் செய்து விற்கலாமா? வேகவைத்த கரட், போஞ்சியைப் போத்தலில் அடைத்து விற்கிற யோசனையும் அம்மாவுக்கு இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்துகொண்டே அனுமதி எடுக்க முடியுமா? பேங்கில் கடன் கிடைக்குமா?
(வாசகி, கந்தப்பளை)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். அந்த மெஷினை இப்போது வாங்காதீர்கள். அண்ணனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பணம் அவருடைய கணக்கிலேயே இருக்கட்டும். உணவு பதப்படுத்தும் தொழிலில் நீங்கள் இறங்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கத்தில் இவ்வளவு மரக்கறி விளைந்தும் அதை மூட்டை கட்டி லொறியில் ஏற்றுவதோடு நம்முடைய வேலை முடிந்துவிடுகிறது. மிச்ச இலாபமெல்லாம் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. அது மாற வேண்டும். ஆனால் மெஷினில் தொடங்கினால் அண்ணனின் உழைப்பு ஒரு மூலையில் இரும்பாகக் கிடக்கும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 50 கிலோ. ஒரு தடவைக்கு 50 கிலோ, காய எட்டு முதல் பத்து மணி நேரம். அதாவது ஒரு பகலுக்கு ஒரு தடவை. விலை விழுந்த வாரத்தில் உங்கள் காணியில் எவ்வளவு கரட் நின்றது? ஒரு டன் என்றே வைத்துக்கொள்வோம். அதை முடிக்க அந்த மெஷின் 20 நாள் ஓட வேண்டும். அதற்குள் கரட் முற்றி வெடித்துவிடும், இல்லாவிட்டால் பிடுங்கி வைத்த இடத்தில் வாடிவிடும். ஆக, எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க மெஷின் வாங்க நினைக்கிறீர்களோ, அந்தக் கஷ்டத்தின் ஓரத்தைக்கூட அது தொடாது.

அடுத்தது, 50 கிலோ போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். தலையும் வாலும் வெட்டி, தோல் சீவி, நறுக்கி, கொதிநீரில் காட்டி, ஈரம் ஐந்தாறு சதவீதத்துக்கு வரும் வரை காயவைத்தால் 10 முதல் 12 கிலோ பச்சைக் கரட்டுக்கு ஒரு கிலோ காய்ந்த கரட்தான் மிஞ்சும். நாள் முழுக்க நாலு பேர் சீவி நறுக்கியதற்கு நாலரை கிலோ. இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார். அவர் பார்த்த தொழிற்சாலையில் சுமார் நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வரும். கொழுந்தில் இருக்கிற தண்ணீர் கரட்டை விடக் குறைவு. அதையும் முதலில் வாட்டி, பிறகுதான் டிரையருக்கு அனுப்புகிறார்கள். டிரையரின் அடுப்பு விறகில் எரிகிறது. நூறு வருஷத்துக்கு மேலாக நம் ஆட்கள் செய்து வருகிற உலர்த்தும் தொழில் அது. அங்கே கரண்டில் சூடாக்கி உலர்த்தினால் எந்தத் தொழிற்சாலையும் தாங்காது என்பது அப்பாவுக்குத் தெரியும்.

உங்கள் மெஷின் கரண்டில் சூடாகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, கணக்குப்படி முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. சிறிய தட்டு டிரையர்களில் வெப்பத்தில் பாதி வெளியே போய்விடும். ஆகவே ஒரு கிலோ தண்ணீருக்கு ஒன்றேகால் யூனிட் என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காய்ந்த கரட்டுக்காக எட்டு கிலோவுக்கு மேல் தண்ணீரை விரட்ட வேண்டும். கிட்டத்தட்ட 10 யூனிட் ஆகிறது. உங்கள் வீட்டு பில்லை எடுத்து, கடைசிப் படியில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் பத்தால் பெருக்குங்கள். கரட், கூலி, பக்கெட், வாடகை எதுவும் சேராமல் கரண்டுக்கு மட்டும் அவ்வளவு. வீடியோவில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கரண்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 50 கிலோ மெஷினின் ஹீட்டரும் காற்றாடியும் சேர்ந்து ஓடும்போது சாதாரண 30 அம்பியர் இணைப்பு தாங்குமா என்பதே சந்தேகம். அதன் முழுக் கொள்ளளவே ஏழு கிலோவாட்டுக்குள்தான். லயத்துக்கு வருகிற பழைய வயரில் இதைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஆபத்து. மூன்று ஃபேஸ் இணைப்பு கேட்டால் அது தனிச் செலவு, தனி அனுமதி. வெயிலில் காயவைக்கலாமே என்றால், கந்தப்பளை மூடுபனியில் நறுக்கிய கரட் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஊவாப் பக்கத்து வறண்ட மாதங்களில் ஏதாவது செய்யலாம். உங்கள் ஊரில் அதை நம்பித் தொழில் செய்ய முடியாது.

சரி, எப்படியோ காயவைத்துவிட்டீர்கள் என்றே வைப்போம். யாருக்கு விற்பீர்கள்? காய்ந்த கரட்டையும் லீக்ஸையும் அதிகமாக வாங்குகிறவர்கள் சூப் பக்கெட், நூடுல்ஸ் செய்கிற கம்பெனிகள். அவர்களுக்கு ஒரே அளவுத் துண்டு, ஒரே நிறம், ஈரத்தின் அளவு, கிருமிப் பரிசோதனை அறிக்கை, அதுவும் மாதாமாதம் தவறாமல் வேண்டும். கிலோ கணக்கில் பேசவே மாட்டார்கள், டன் கணக்கில்தான் பேசுவார்கள். காசும் பெரும்பாலும் சரக்குக் கொடுத்து வாரக்கணக்கில் கழித்துத்தான் கைக்கு வரும். அவர்களுக்கு நீங்கள் சொல்லப்போகிற விலைக்குப் போட்டி வெளிநாட்டில் பெரிய தொழிற்சாலையில் காயவைத்த கரட். டவுன் கடையில் சின்னப் பக்கெட்டாக வைத்தால்? கண்ணாடி மாதிரித் தெரிகிற பொலித்தீன் பக்கெட்டில் கரட் தூளை வைத்தால் வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் நிறம் வெளிறத் தொடங்கும். அதற்கு உள்ளே அலுமினியம் படிந்த பக்கெட் வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும், பக்கத்துச் சந்தையில் பச்சைக் கரட் கிடைக்கும்போது கரட் தூளை யார் எதற்கு வாங்குவார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்தியாவில் முடிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே 2020இல் மத்திய அரசு சிறிய உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஐந்து வருஷத்துக்கு 10,000 கோடி இந்திய ரூபாய். பேங்க் கடனோடு தொழில் தொடங்குகிறவருக்கு முதலீட்டில் 35 சதவீதத்தை, அதிகபட்சம் 10 இலட்சம் வரை, அரசாங்கமே மானியமாகக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. வீடியோவில் மெஷின் விற்கிறவர் “இத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும்” என்று போடுகிற கணக்குக்குப் பின்னால் பல தடவை இந்த மானியம் இருக்கிறது. உங்களுக்கு அது கிடையாது. மானியம் இல்லை என்பதோடு கப்பல் கூலியும் தீர்வையும் உங்கள் தலையில். அதே திட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வேன். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் 40,000 ரூபாய் வரை, சின்னச் சின்ன கருவிகள் வாங்கவும் சரக்கு வாங்கவும் தனியாகக் கொடுக்க வழி வைத்தார்கள். கத்தி, தராசு, பாத்திரம், ஒரு மாதச் சரக்கு: இவைதான் முதல் தேவை என்பதை அந்தத் திட்டம் எழுதியவர்களும் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நீலகிரியைப் பாருங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தபந்தங்கள் எத்தனையோ பேர் போய்க் குடியேறிய மலை அது. உங்களுக்கும் அங்கே யாராவது இருக்கலாம். அங்கேயும் கரட்தான், அங்கேயும் நம்மைப் போன்ற குளிர்தான். மானியம் இருக்கிறது, மெஷின் செய்கிற கோயம்புத்தூர் மலையடிவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் அந்தக் கரட்டில் பெரும்பங்கு இன்றைக்கும் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பச்சையாகத்தான் இறங்குகிறது. காரணம் அறிவில்லாமையோ சோம்பலோ கிடையாது. நன்றாக விலை போகிற நாளில் கரட்டை உலர்த்துகிறவனுக்குக் கொடுக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. விலை விழுந்த நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவன் வாசலில் நிற்பார்கள், அவனால் அவ்வளவையும் எடுக்க முடியாது. உங்கள் மாமாவையே கேளுங்கள். கிலோ 400 ரூபா போகிற அன்றைக்கு உங்கள் மெஷினுக்கு 60 ரூபாவுக்கு கரட் தருவாரா? தர மாட்டார். தரவும் கூடாது. அந்த மாதங்களில் உங்கள் மெஷின் சும்மா நிற்கும், தவணை மட்டும் நிற்காது. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்த வருஷத்தில் மலையில் மரக்கறி எப்படிக் குறைந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு வருஷத்தை மலிவுக் கரட்டை நம்பிய எந்தத் தொழிலும் தாண்டாது.

இந்தியாவில் உலர்த்தும் தொழில் நன்றாக ஓடுகிற இடமும் இருக்கிறது. குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தில் மஹுவா என்று ஒரு ஊர், வெங்காயம் உலர்த்துகிற தொழிற்சாலைகளுக்குப் பெயர் போனது. அங்கே உலர்த்துவதற்கென்றே வெள்ளை வெங்காயம் போடுகிறார்கள். நாம் சமைக்கிற சிவப்பு வெங்காயத்தை விட அதில் திடப்பொருள் அதிகம், தண்ணீர் குறைவு. விரட்ட வேண்டிய தண்ணீர் குறைந்தால் செலவும் குறையும். அதாவது தொழிற்சாலைக்காகப் பயிர் செய்கிறார்கள். சந்தையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொட்டுகிற வேலை அது கிடையாது. நம் பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போடலாம் என்று சொல்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நாம் அதிகம் போடுகிற கிரனோலா கறிக்கு அருமையான கிழங்கு. சிப்ஸுக்கு மாச்சத்து கூடிய, சீனிச்சத்து குறைந்த வேறு இனம் வேண்டும். சீனிச்சத்து இருந்தால் எண்ணெயில் போட்டதும் கறுத்துவிடும்.

குஜராத்தின் அமுல் பால் கூட்டுறவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதில் வரிசையை மட்டும் கவனியுங்கள். கைரா மாவட்டத்துப் பால்காரர்கள் சங்கம் பதிந்தது 1946இல். 1948இல் பம்பாய் பால் திட்டத்துக்குப் பால் அனுப்பத் தொடங்கினார்கள். தினசரி வாங்குகிற ஆள் கிடைத்தாயிற்று. பனிக்காலத்தில் பம்பாய்க்காரர்கள் வாங்க முடியாத அளவுக்குப் பால் பெருகியபோதுதான் பால்மா தொழிற்சாலைக்குப் போனார்கள், அது திறந்தது 1955இல். முதலில் சங்கம், அடுத்து வாங்குகிறவர், கடைசியில் மெஷின். அந்தத் தொழிற்சாலைக்கு யுனிசெப் உதவியும் நியூசிலாந்து உதவியும் கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன்.

உங்களிடம் இருக்கிற பெரிய வசதி நுவரெலியா. ஹோட்டல்கள், கெஸ்ட் ஹவுஸ்கள், சாப்பாட்டுக் கடைகள். அவர்கள் சமையலறையில் காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து கரட் சீவுகிறார்கள், லீக்ஸ் கழுவுகிறார்கள். லீக்ஸின் மடிப்புக்குள் இருக்கிற மண்ணைக் கழுவி எடுப்பது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வேலையைச் செய்து, எடை போட்டு, விடியற்காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். சீவிய கரட், சூப்புக்கு வெட்டிய கலவை, வட்டமாக நறுக்கிய லீக்ஸ். இதற்குத் தேவை ஒரு சுத்தமான அறை, துருப்பிடிக்காத மேசை, இரண்டு பெரிய கழுவும் தொட்டி, நல்ல கத்தி, தராசு, ஒரு குளிர்சாதனப் பெட்டி. சந்தையில் ஒதுக்குகிற முறிந்த கரட், கிளை விட்ட கரட், மிதமிஞ்சிப் பருத்த கரட் எல்லாம் இதற்கு நல்ல சரக்கு. அது விலை ஏறின நாளிலும் மலிவாகவே கிடைக்கும், ஏனென்றால் லொறிக்காரர் அதை எடுப்பதில்லை. தோலும் இலையும் இப்போது போலவே மாட்டுக்குப் போகட்டும்.

இதில் ஒரு நுணுக்கம். சீவிய கரட்டைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். கெட்டுப்போனது என்று ஹோட்டல்காரர் திருப்பி அனுப்புவார். மேல்பரப்பு காய்வதால் வருவது அது. சீவியதும் குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் அலசி, வடியவிட்டு, இலேசான ஈரத்தோடு பையில் கட்டிக் குளிரில் வையுங்கள். கூரான கத்தியில் சீவினால் பூப்பது குறையும், மழுங்கின கத்தி திசுவை நசுக்கிவிடும். தினமும் காலையில் கத்தியைத் தீட்டுவதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவோடு விலையையும் பேசி வையுங்கள். சந்தை விலையோடு ஏறி இறங்காத ஒரு நடுவிலை, வாரத்துக்கு இத்தனை கிலோ என்று. விலை ஏறும்போது அவருக்குக் கொஞ்சம் நஷ்டம் மாதிரித் தெரியும், விழும்போது அவர் உங்களைக் கும்பிடுவார். சொந்தக்காரர் என்பதால் எழுதாமல் விடாதீர்கள். கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள்.

இரண்டாவது, போத்தல் சரக்கு. அம்மாவின் யோசனையில் ஒரு பகுதியை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறேன். வேகவைத்த கரட், போஞ்சி, லீக்ஸ், காளான் எதையும் உப்புத் தண்ணீரிலோ எண்ணெயிலோ போட்டுப் போத்தலில் அடைத்து விற்க வேண்டாம். வீட்டில் சாப்பிடவும் வேண்டாம். இவை புளிப்பில்லாத மரக்கறிகள், மண்ணோடு சம்பந்தப்பட்டவை. மண்ணில் இருக்கிற பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து மணிக்கணக்காகக் கொதித்த தண்ணீரிலும் சாகாது. காற்றுப் புகாத போத்தலுக்குள் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். மணமும் நிறமும் ருசியும் மாறாமலே இருக்கக்கூடும், ஆனால் உயிரைப் பறிக்கும். தொழிற்சாலைகளில் 121 பாகை வெப்பத்தில் அமுக்கத்தில் வைத்து அதைக் கொல்கிறார்கள். அந்தக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் அதில் கை வைக்கவே கூடாது.

புளிப்பான சரக்கில் இந்தப் பயம் இல்லை. புளிப்பு அளவு, அதாவது பி.எச்., 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நீங்கள் 4க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் கொல்லையிலேயே பொருள் இருக்கிறது: மரத்தக்காளி. லயத்துக்கு லயம் இரண்டு மரம் நிற்கிறது. சந்தையில் பெரிய விலை இல்லை, வெளியூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் ஆச்சரியம். அதில் சட்னி செய்யுங்கள். தோல் கசக்கும், அதனால் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து உரித்துவிட வேண்டும். இஞ்சி, காய்ந்த மிளகாய், சீனி, தென்னை வினாகிரி சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி, 85 பாகைக்குக் குறையாத சூட்டில், சூடாக்கி வைத்த போத்தலில் ஊற்றி மூடி, சில நிமிஷம் தலைகீழாக வைத்தால் மூடியும் சுத்தமாகிவிடும். கரட்டைக் கைவிட மனம் வராவிட்டால் கரட் அச்சாறு போடுங்கள், வினாகிரி போதிய அளவு சேர்ந்து புளிப்பு உள்ளே துண்டு வரை இறங்கியிருக்க வேண்டும். துண்டை அரைத்து அளந்து பார்க்க வேண்டும். வெளியே நிற்கிற வினாகிரியை மட்டும் அளந்தால் அது ஏமாற்றும். அளக்க ஒரு நல்ல பி.எச். மீட்டர் வாங்குங்கள். நிறம் மாறுகிற கடதாசி இதற்குப் போதாது. அண்ணன் ஏதாவது வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றால் அதைக் கேளுங்கள்.

விற்கத் தொடங்குவதற்கு முன் ஒரே தடவையில் காய்ச்சி நிரப்பிய போத்தல்களை எடுத்து வைத்துவிடுங்கள். சில அடுப்படிச் சூட்டில், சில இருட்டில், சில வெளிச்சம் படுகிற தட்டில். மூன்று மாதம் வாராவாரம் பாருங்கள். மூடி உப்பினாலோ, மேலே வளையம் கட்டினாலோ, நிறம் கறுத்தாலோ எழுதி வையுங்கள். காலாவதித் திகதியை வேறு கம்பெனியின் போத்தலைப் பார்த்துப் போடுகிறவர்கள் நிறைய. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. கண்டிக்குப் போகிற வழிதான். பழம், மரக்கறி பதப்படுத்துவதில் பயிற்சி பற்றி அங்கே விசாரியுங்கள். பரிசோதனை அறிக்கைக்குக் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

தனியாகச் செய்ய வேண்டாம் என்றும் சொல்வேன். 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போடத் தொடங்கியதுதான் லிஜ்ஜத் என்ற பெண்கள் நிறுவனம். மாவைப் பொது இடத்தில் ஒரே அளவில் பிசைந்து கொடுத்து, வீட்டில் உருட்டி எடுத்து வரச் சொன்னார்கள். ருசி மாறாமல் இருந்ததற்கு அந்த ஏற்பாடுதான் காரணம். உங்கள் லயத்திலும் கொழுந்துக்குப் போய் ஓய்ந்த அக்காமார், அத்தைமார் நாலைந்து பேர் இருப்பார்கள். ஆனால் காய்ச்சுவதும் நிரப்புவதும் ஒரே அறையில், உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். வீட்டுக்கு வீடு காய்ச்சினால் ஒரு வீட்டுத் தவறு எல்லோர் பெயரையும் கெடுக்கும்.

அனுமதி விஷயம். லயத்து அறையில் இதைப் பதிவது கஷ்டம், முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். இடம் தோட்ட நிர்வாகத்தின் கையில், காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இல்லை, சமைக்கிற இடமும் படுக்கிற இடமும் ஒன்று. இந்த அநியாயத்தை நாம் தலைமுறையாகச் சுமக்கிறோம், அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அது தீரும் வரை தொழில் காத்திருக்கவும் முடியாது. கந்தப்பளை டவுனில் தரை பூசிய, தண்ணீர் வடிகிற, கழிவறை தள்ளி இருக்கிற ஒரு சின்ன அறையை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பிரதேச சபையில் வியாபார அனுமதிப் பத்திரம். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவருக்குப் பயப்படாதீர்கள். அறை எடுப்பதற்கு முன்பே போய், “ஐயா, இப்படிச் செய்யப் போகிறேன், என்னென்ன வேண்டும்?” என்று கேளுங்கள். 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அவருடைய வேலையே அதுதான். கட்டி முடித்த பிறகு இடித்துக் கட்டுவதை விட முன்கூட்டிக் கேட்பது மலிவு.

தண்ணீரில் மட்டும் சமரசம் வேண்டாம். பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர், பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், ஆனால் மேலே யார் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள், எந்த லயத்துக் கழிவு இறங்குகிறது என்று தெரியாது. பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைச் சுவரில் மாட்டுங்கள். கழுவும் தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் என்று பரிசோதகரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். லேபலில் பெயர், சேர்மானம், நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் விலாசம் இருக்க வேண்டும். சீனி, உப்பு, கொழுப்பு அளவுக்கு நிறக்குறி போடுகிற விதியும் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடியுங்கள். தமிழை ஒரு மூலையில் சின்னதாகப் போட வேண்டாம்.

கடன் கேட்டீர்கள். முதல் வருஷம் கடனே வேண்டாம். உறுதி இல்லாத இடத்தை ஈடாக வைக்க முடியாது என்பதால் பேங்க் தயங்கும். அந்த நேரம் பார்த்து வாராந்தத் தவணைக் கடன்காரர்கள் லயத்து வாசலுக்கே வருவார்கள், குழுவாகக் கையொப்பம் கேட்பார்கள். அதில் மட்டும் விழாதீர்கள். மூன்று மாதம் விற்றுப் பார்க்காத தொழிலில் வாராவாரம் கட்ட வேண்டிய கடன் ஏறினால், கட்டப்போவது அம்மாவின் தோடு. அண்ணனின் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: அறை முற்பணம், மேசை, தொட்டி, பெட்டி, தராசு, மீட்டர், லேபல். மிச்சம் அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் இருக்கட்டும். ஒரு வருஷம் ஒழுங்காகக் கணக்கு எழுதி, பணம் பேங்க் வழியாகப் புழங்கியிருந்தால் அப்புறம் நீங்கள் கடன் கேட்கப் போகிற முறையே வேறாக இருக்கும்.

உலர்த்தும் ஆசை இன்னும் போகாவிட்டால், ஒரு பரிசோதனையைச் செய்யுங்கள். கரட் இரண்டு கிலோ எடையிட்டு எடுங்கள். சீவிய பிறகு எடை, மூன்று மில்லிமீற்றர் வட்டமாக நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிஷம் காட்டி வடித்த பிறகு எடை. அப்பாவை விட்டு அடுப்புக்கு மேலே ஒரு தட்டு கட்டச் சொல்லுங்கள். சூடு 60 பாகையைத் தாண்டாமல் அவர் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் போனால் வெளியே தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். உடைத்தால் படக்கென்று முறிகிற பதத்தில் எடுத்து மறுபடி எடை. எத்தனை மணி நேரம், எவ்வளவு விறகு, எத்தனை பேர் கை. அதையே லீக்ஸிலும் செய்யுங்கள். லீக்ஸைக் கொதிநீரில் காட்டத் தேவையில்லை, மணம் போய்விடும். இந்தக் கணக்கோடு, நுவரெலியாவில் பத்து சமையலறைகளில் போய், சீவிய கரட் தினமும் எத்தனை கிலோ, என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டு எழுதிய தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். விலையை இருவரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.